ஜப்பான் லிமிடெட் எடிஷன் பேனா: எண்ணிக்கையா, கைவேலையா?

2015இல் ஜப்பானின் பைலட் நிறுவனம் தன் கேப்லெஸ் என்ற ஊற்றுப்பேனாவில் ‘ட்விலைட்’ என்றொரு பதிப்பை வெளியிட்டது. கேப்லெஸ்ஸுக்கு மூடி கிடையாது. பால்பாயிண்ட் பேனா மாதிரி பின்பக்கம் அழுத்தினால் நிப்பு வெளியே வரும். 1963 முதல் பைலட் விற்றுவரும் பேனாதான். இந்தப் பதிப்பில் புதிதாக இருந்தது நிறம் மட்டும்: ஒன்று இன்னொன்றில் கரைந்துபோகும் அந்திவானப் பூச்சு. உலகம் முழுவதற்கும் சேர்த்து 2,015 பேனாக்கள், ஒவ்வொன்றிலும் வரிசை எண். ஏன் 2,015? வெளிவந்த ஆண்டு 2015 என்பதால். அடுத்த ஆண்டு வந்த பதிப்பில் 2,016. தட்டுப்பாடு எதுவும் இல்லை, செய்ய ஆளில்லாமலும் இல்லை. காலண்டரைப் பார்த்து ஓர் எண்ணை வைத்தார்கள், அவ்வளவுதான்.

அதே பைலட், அதே கேப்லெஸ் உடலில் ‘ராடென்’ என்றொரு வகையும் செய்கிறது. அபலோன் என்ற கடல் நத்தையின் ஓட்டைப் பொடிச் சில்லுகளாக்கி, கைவினைஞர் ஒருவர் அவற்றைக் கையால் பேனாவின் மேல் பதிக்கிறார். அதன்மேல் மரப்பால் மெருகைப் பூசி, காயவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். இரண்டு பேனாக்கள் ஒரே மாதிரி அமைவதில்லை. ஆனால் இதில் வரிசை எண்ணும் கிடையாது, ‘இத்தனைதான்’ என்ற அறிவிப்பும் கிடையாது. ஆண்டுக்கணக்கில் பட்டியலில் இருக்கிற வழக்கமான சரக்கு.

ஜப்பான் பேனாச் சேகரிப்பைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒன்று அரிதாக இருப்பது யாரோ எடுத்த முடிவால். இன்னொன்று அரிதாக இருப்பதற்குக் காரணம் அதில் இறங்கும் பொருளும் நேரமும் கையும். கடையில் இரண்டும் ஒரே கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கும், விலையும் சில சமயம் அருகருகே இருக்கும். எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியாமல் வாங்குகிறவர்தான் இரண்டு வருஷம் கழித்து விற்கப்போகும்போது முகம் சுளிக்கிறார். நான் கைவேலையின் பக்கம் சாய்கிறவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நிறத்துக்காக வாங்குகிறவர்களைக் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை. அந்த விளையாட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் மூன்று. ஹிரோஷிமா மாவட்டத்தின் குரே என்ற கடற்படைத் துறைமுக நகரில் 1911இல் தொடங்கிய செய்லர், 1918இல் டோக்கியோவில் நமிக்கி என்ற பெயரில் தொடங்கிய பைலட், 1919இல் வந்த பிளாட்டினம். மூன்றும் நூறாண்டைத் தாண்டிவிட்டன. மூன்றின் கார்ட்ரிட்ஜும் (மை அடைத்து வரும் சிறு குழாய்) ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பது இன்றுவரை தீராத வம்பு.

கைவேலை பேனாவுக்குள் வந்த கதை பைலட்டோடுதான் தொடங்குகிறது. அதுவும் அழகுக்காக இல்லை, ஒரு கோளாறைச் சரிசெய்ய. அன்றைய பேனாக்களின் உடல் எபோனைட்டால் ஆனது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் மரக்கட்டை மாதிரி கெட்டிப்படும், அதுதான் எபோனைட். புதிதாகக் கடைந்தபோது கன்னங்கரேலென்று இருக்கும். வெயில் பட்டால் சில வருஷங்களில் பழுப்பேறிவிடும். திருவள்ளூரில் ரங்கா நிறுவனத்தார் இன்றும் எபோனைட்டைக் கடைந்துதான் பேனா செய்கிறார்கள். எபோனைட் பேனா வைத்திருக்கிறவர்கள் இந்த நிறமங்கலைப் பார்த்திருக்கலாம். பைலட்டை நிறுவியவர்களில் ஒருவரான ரியோசுகே நமிக்கி இதற்கு ஒரு வழி தேடினார். கிடைத்த வழி, ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்திலிருந்து கோயில் தூண்வரை எல்லாவற்றிலும் பூசும் உருஷி என்ற மரப்பால் மெருகு. எபோனைட்டின் மேல் உருஷியைப் பிடிக்கவைக்கும் முறையை 1920களின் நடுவில் அவர் நிறுவனம் கண்டுபிடித்துக் காப்புரிமையும் வாங்கியது.

உருஷி ஏறிவிட்டால் அப்புறம் அதன்மேல் சித்திரம் எழுதத் தடை என்ன? தங்கப்பொடியால் சித்திரம் எழுதும் மக்கி-எ கலை ஜப்பானில் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. கானாசாவாவில் பிறந்த கொன்ரோக்கு மாட்சுடா என்ற இளைஞரை நமிக்கி வேலைக்கு எடுத்தார். 1926இல் லண்டன், நியூயார்க், ஷாங்காய், சிங்கப்பூரில் நிறுவனத்தின் அலுவலகங்கள் திறந்தன. 1930இல் டன்ஹில் என்ற பிரிட்டிஷ் ஆடம்பரப் பொருள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. டன்ஹில், நமிக்கி என்ற இரண்டு பெயரும் பொறித்த அந்தக் காலத்துப் பேனாக்களுக்கு இன்று ஏலத்தில் வீட்டுமனை விலை கேட்கிறார்கள். 1931இல் மாட்சுடாவின் தலைமையில் பைலட்டுக்குள்ளேயே கொக்கோகாய் என்ற கைவினைஞர் குழு அமைந்தது. அது இன்றும் இருக்கிறது. பைலட் இன்று நமிக்கி என்ற பெயரில் விற்கும் உயர்ந்த பேனாக்களில் குழுவின் பெயரும், எழுதிய கலைஞரின் பெயரும் முத்திரையும் இருக்கும். மாட்சுடாவை 1955இல் ஜப்பான் அரசு ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவித்தது. அவர் 1986இல் மறைந்தார்.

இந்தப் பேனாக்கள் ‘லிமிடெட் எடிஷன்’ என்ற பெயரோடு பிறந்தவையல்ல. ஒரு கலைஞர் ஒரு மாதத்தில் எத்தனை முடிப்பாரோ அத்தனைதான் கடைக்கு வரும். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த யாரும் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

உருஷி ஏன் அவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. இது நம் ஊர் அரக்கு இல்லை. அரக்கு பூச்சியிலிருந்து வருவது, உருஷி மரத்தின் பால். பத்துப் பதினைந்து வருஷம் வளர்ந்த மரத்தின் பட்டையில் கோடை தொடங்கி இலையுதிர்காலம்வரை சில நாளுக்கு ஒருமுறை கீறல் போட்டு, கசியும் பாலைச் சுரண்டி எடுப்பார்கள். ஒரு பருவம் முழுக்கச் சுரண்டினாலும் ஒரு மரத்தில் கிடைப்பது 200 மில்லி அளவு. அதோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து மறுபடி வளர இன்னும் பத்து வருஷத்துக்கு மேலாகும். ஜப்பானில் பயன்படும் உருஷியில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் சீனாவிலிருந்து வருகிறது. உள்நாட்டில் எடுப்பதில் பெரும்பகுதி இவாத்தே மாவட்டத்தின் ஜோபோஜி பகுதியில்தான். தேசியச் செல்வமான கோயில்களையும் கட்டடங்களையும் புதுப்பிக்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்று 2015இல் ஜப்பானின் பண்பாட்டுத் துறை முடிவெடுத்தது. அப்படியானால் பேனா போன்ற சில்லறை வேலைக்கு உள்நாட்டுச் சரக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம் கொப்புளமாகத் தடித்துவிடும். சேராங்கொட்டைப் பால் பட்டு உடம்பு வெந்தவர்களைப் பற்றி நம் கிராமங்களில் கேள்விப்பட்டிருப்போம். முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெயும் அப்படித்தான். மூன்றும் ஒரே தாவரக் குடும்பம், மாமரமும் அதே குடும்பம். சுடவைக்கும் வேதிப்பொருளும் ஏறக்குறைய உறவுதான். நன்றாகக் காய்ந்து கெட்டிப்பட்ட உருஷி அநேகமாகத் தொந்தரவு செய்யாது, ஆனால் தொழிலில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் சில மாதம் அரிப்போடுதான் காலம் தள்ளுகிறார்கள்.

காய்வதிலும் ஒரு விசித்திரம். பெயின்ட் காய்வதற்கு வெயிலும் காற்றும் வேண்டும். உருஷி காய்வதற்கு ஈரம் வேண்டும். அதில் இருக்கும் ஒரு நொதி, காற்றின் ஈரத்தில்தான் வேலைசெய்து பாலைக் கெட்டியாக்குகிறது. 20 முதல் 25 டிகிரி வெப்பமும், 70 முதல் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கிற மரப்பெட்டிக்குள் பேனாவின் பாகங்களை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு பூச்சு காய்ந்ததும் எடுத்துத் தேய்ப்பார்கள், மறுபடி பூசுவார்கள், மறுபடி பெட்டிக்குள். இதை அவசரப்படுத்த வழியில்லை. தடிமனாக ஒரே தடவையில் பூசினால் மேல்பகுதி மட்டும் சீக்கிரம் கெட்டிப்பட்டுச் சுருங்கிப்போகும். சித்திரம் எதுவும் இல்லாத, வெறும் ஒரே நிற உருஷிப் பேனாவே கடைக்கு வர மாதக்கணக்கில் ஆகிறது என்றால் காரணம் இதுதான்.

பிளாட்டினத்தின் பழைய கைவினைஞர்களை வைத்துத் தொடங்கிய நக்காயா என்ற சிறு நிறுவனம் இந்த வெற்று உருஷிக்குப் பேர்போனது. அவர்களுடைய தமேனூரி பூச்சில் கீழே சிவப்போ பச்சையோ அடித்து, மேலே தேன்நிறத்தில் ஒளி ஊடுருவும் உருஷியைப் பூசுகிறார்கள். மூடியின் விளிம்பிலும் கழுத்திலும் மேல்பூச்சு மெலிந்து கீழ்நிறம் லேசாகத் தெரியும். வருஷம் போகப்போக மேல்பூச்சின் தெளிவு கூடிக்கொண்டே போகும், அதனால் பத்து வருஷம் கழித்து அந்தப் பேனா வாங்கிய நாளைவிடச் சிவப்பாக இருக்கும். நக்காயா பேனாவில் பெரும்பாலும் வரிசை எண் இருக்காது. வரிசையில் நின்று காத்திருப்பதுதான் இருக்கிறது. என் கண்ணுக்கு ஜப்பான் பேனாக்களில் மிக நேர்மையான ‘லிமிடெட் எடிஷன்’ இதுதான்.

இனி மக்கி-எ. இதில் ஏமாற இடம் அதிகம், அதனால் வகை தெரிந்திருப்பது நல்லது. அடிப்படை எளிது: உருஷியால் மெல்லிய தூரிகையில் கோடு இழுத்து, அது காய்வதற்குள் தங்கம் அல்லது வெள்ளிப் பொடியை ஒரு சிறு குழாயிலிருந்து தட்டித் தட்டித் தூவ வேண்டும். உருஷி இருக்கும் இடத்தில் பொடி ஒட்டும். காய்ந்தபின் மேலே மெல்லிதாக உருஷி ஏற்றிப் பொடியை நிலைநிறுத்தி மெருகேற்றினால் அது ஹிரா மக்கி-எ, அதாவது தட்டையான வகை. சித்திரம் முழுவதையும் உருஷியால் மூடிவிட்டு, கரித்துண்டால் தேய்த்துத் தேய்த்துத் தங்கத்தை மறுபடி வெளியே கொண்டுவந்தால் தொகிதாஷி. விரலால் தடவினால் சித்திரம் இருப்பதே தெரியாது, அவ்வளவு வழவழப்பு. உருஷியையும் கரிப்பொடியையும் அடுக்கி மேடாக்கி அதன்மேல் எழுதினால் தக்கா மக்கி-எ. மீனின் செதில் விரலில் தட்டுப்படும். மேடும் வழவழப்பும் ஒன்றாகக் கலந்த ஷிஷியாய் தொகிதாஷி எல்லாவற்றிலும் கடினம். மேட்டின் சரிவில் கரியால் தேய்க்கும்போது கொஞ்சம் அழுத்தம் கூடினால் தங்கம் போய்விடும், மாதக்கணக்கான வேலையும் அதோடு போய்விடும். பெரிய நமிக்கி எம்பரர் பேனாக்களில் இந்த வகையைப் பார்க்கலாம். கடைசி மெருகை ஜப்பானியக் கைவினைஞர்கள் மான்கொம்புப் பொடியும் எண்ணெயும் தொட்டு விரல்நுனியால்தான் ஏற்றுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரில், ‘நவீன மக்கி-எ’ என்ற பெயரில் குறைந்த விலையில் வருபவை. ஸ்கிரீன் பிரிண்டிங் மூலம் உருவத்தை அச்சிட்டு, மேலே பொடியையோ சாயத்தையோ ஏற்றுவது. பிளாட்டினம் போன்ற நிறுவனங்கள் இதை மறைக்காமல் சொல்லித்தான் விற்கின்றன. விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கிறது. தப்பு நடப்பது இரண்டாம் கைச் சந்தையில். அங்கே ஃபூஜி மலையும் கொக்கும் போட்ட எல்லாமே ‘கையால் எழுதிய மக்கி-எ’ ஆகிவிடும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அச்சிட்டதில் கோடுகளின் அகலம் மாறாது, ஓரங்கள் ஒரே சீராக இருக்கும், நிறம் மங்கும் இடத்தில் புள்ளி வரிசை தெரியும். கையில் எழுதியதில் கோடு தொடங்கும் இடத்தில் தடித்து முடியும் இடத்தில் மெலியும். பொடி ஓர் இடத்தில் அடர்ந்தும் இன்னோர் இடத்தில் சிதறியும் கிடக்கும். கையெழுத்து இருப்பது மட்டும் அத்தாட்சி ஆகாது, அதையும் அச்சிட முடியும்.

கைவேலைக்கு இன்னோர் ஆபத்து உண்டு, அது எந்த நிறுவனத்தின் திட்டத்திலும் இல்லாதது. 2024 ஜனவரி 1 அன்று நோத்தோ தீபகற்பத்தில் 7.6 அளவிலான நிலநடுக்கம் வந்தது. உருஷி வேலைக்குப் பெயர்பெற்ற வாஜிமா நகரம் அங்கேதான் இருக்கிறது. பட்டறைகள் இடிந்தன, காலைச் சந்தைப் பகுதி முழுக்கத் தீப்பிடித்து எரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழையும் வெள்ளமும் வந்து, மீண்டுகொண்டிருந்தவர்களை மறுபடி கீழே தள்ளின. ஜப்பானியப் பேனாக்களில் ஒரு பகுதிக்கு உருஷி பூசுவதும் சித்திரம் எழுதுவதும் வாஜிமாக் கைவினைஞர்கள்தான். இந்த வேலையில் வயதானவர்கள் அதிகம். பட்டறையை இழந்த எழுபது வயதுக்காரர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாரா என்பதைப் பொறுத்துத்தான் இனி வரப்போகும் பேனாக்களின் எண்ணிக்கை.

நிப்பிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. செய்லரில் நோபுயோஷி நாகஹாரா என்றொரு நிப்புத் தச்சர் இருந்தார். 1932இல் பிறந்து 2015இல் மறைந்தவர். நிப்பின் நுனியில் வழக்கத்தைவிடப் பெரிய கடின உலோக உருண்டையை வைத்து, வாள்முனை போல நீளவாக்கில் சரித்துத் தேய்ப்பார். பேனாவை நிமிர்த்திப் பிடித்தால் கோடு மெலிதாகும், சாய்த்தால் தடிக்கும். தூரிகையில் கான்ஜி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்துகளை எழுதும்போது கோடு தடித்து மெலிவதை ஓர் உலோக நுனியில் கொண்டுவரும் முயற்சி அது. நாகினாத்தா தொகி என்று அதற்குப் பெயர். நிப்பின்மேல் நிப்பு அடுக்கிய வகைகளையும் செய்தார். அவர் ஓய்வுபெற்றபின் செய்லர் இந்தச் சிறப்பு நிப்புகளைச் சில காலம் நிறுத்தியே வைத்திருந்தது. பிறகு நாகினாத்தாவை மீண்டும் கொண்டுவந்தது. பழைய நிப்பு பொருத்திய, எண்ணிடாத கறுப்புப் பிளாஸ்டிக் பேனா ஒன்று, எண்ணிட்ட வண்ணப் பதிப்புகளைவிட அதிக விலைக்குக் கைமாறுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, வண்ண விளையாட்டுக்கு வருவோம். பேனாவின் உடலை வார்க்கும் அச்சுதான் செலவு பிடிக்கும் பொருள். அச்சு ஒருமுறை செய்தாகிவிட்டால் அதில் எந்த நிறப் பிளாஸ்டிக்கையும் வார்க்கலாம். நிப்பு அதேதான், மை போகும் வழியும் அதேதான். ஆகவே ஒரு கடை, ‘எங்களுக்கென்று ஒரு நிறத்தில் நூறு, இருநூறு பேனா செய்துகொடுங்கள்’ என்று கேட்டால் நிறுவனத்துக்குப் பெரிய சிரமமில்லை. செய்லர் இதற்கு மிகவும் இசைந்துகொடுத்த நிறுவனம். அவர்களுடைய 1911, ப்ரோ கியர் என்ற இரண்டு உடல்களில் எத்தனை கடைப் பதிப்புகள் வந்திருக்கின்றன என்று முழுக்க எண்ணி முடித்தவர் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம்.

இதை வெறும் வியாபார தந்திரம் என்று தள்ளிவிடவும் முடியாது. கோபே நகரில் 1882 முதல் நடக்கும் நாகசாவா என்ற எழுதுபொருள் கடை, 1995 நிலநடுக்கத்தில் சிதைந்து மீண்ட அந்த ஊரின் இடங்களை மையின் நிறத்தில் வைத்து 2007 முதல் விற்கிறது: ரொக்கோ மலையின் பச்சை, துறைமுகத்தின் நீலம், பழைய வெளிநாட்டார் குடியிருப்பின் பழுப்பு. வெற்றி பெற்ற யோசனை. ஜப்பான் முழுக்க ஊருக்கு ஒரு கடை தன் ஊர்ப் பெயரில் மையும் பேனாவும் போடத் தொடங்கியது. அதே 2007இல்தான் பைலட்டின் இரோஷிசுக்கு மைகளும் வந்தன. மைக்குப் பொருத்தமாகப் பேனா, பேனாவுக்குப் பொருத்தமாக மை என்று வாங்குகிறவர்கள் கூடினார்கள். அந்த ஊருக்குப் போனவர்கள் நினைவாக வாங்கிவந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. போகாதவர்கள் இடைத்தரகருக்குக் கூலி கொடுத்து வரவழைப்பதில் எனக்கு அவ்வளவாக நியாயம் தெரியவில்லை, ஆனால் பணம் அவர்களுடையது.

வண்ணப் பதிப்புகளில் எனக்கு மதிப்பு அதிகம் பிளாட்டினத்தின் ஃபூஜி ஏரித் தொடரின் மேல். 3776 என்பது ஃபூஜி மலையின் உயரம், மீட்டரில். 1978 முதல் பிளாட்டினத்தின் முக்கியப் பேனாவுக்கு அதுதான் பெயர். 2011இல் அதைப் புதுப்பித்து, மூடி போட்டுவைத்தால் இரண்டு வருஷம்வரை மை காயாது என்று நிறுவனம் சொல்லும் உள்மூடி அமைப்போடு ‘செஞ்சுரி’ என்று விட்டார்கள். அதோடு மலையடிவாரத்தின் ஐந்து ஏரிகளின் பெயரில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்புகள் தொடங்கின. முதலாவது மோத்தோசு, கண்ணாடிபோல் தெளிந்த உடல். 2024இல் புது நோட்டு வரும்வரை பல வருஷம் ஜப்பானின் 1,000 யென் நோட்டில் மலை தெரிந்த காட்சி அந்த ஏரிக்கரையிலிருந்துதான். ஐந்து முடிந்ததும் ஃபூஜியின் பருவகாலங்கள் என்று இன்னொரு தொடர். தொடராக விடுவதில் சாமர்த்தியம் இருக்கிறது: மூன்றை வாங்கியவர் நான்காவதை விடமாட்டார். முதலாவதைத் தவறவிட்டவர் எந்த விலைக்கும் தேடுவார். மோத்தோசு அப்படித்தான் விலை ஏறியது. அதற்கு எழுத்துத் தரத்தோடு சம்பந்தமே இல்லை, சாதாரணக் கறுப்பு செஞ்சுரியும் அதே நிப்பில் அதே மாதிரிதான் எழுதும்.

நிப்பு என்றதும் தங்கம் வந்துவிடுகிறது, விலை உயர்வும் வந்துவிடுகிறது. பைலட் தன் பேனாக்களுக்கு எண் வைக்கும் முறையே இதற்கு நல்ல சாட்சி. கஸ்டம் 74 என்றால் நிறுவனத்தின் 74ஆவது ஆண்டில், 1992இல் வந்தது. 743 என்றால் அதே வரிசையில் 30,000 யென் பேனா. 823 என்றால் 82ஆவது ஆண்டு, அதாவது 2000, விலை 30,000. 845 என்றால் 50,000. கடைசி இலக்கம் விலையைச் சொன்ன காலம் அது. இன்று பெயரில் 3 அப்படியே இருக்கிறது, சீட்டில் இருக்கும் விலைதான் வேறு. 2019இல் ஓர் அவுன்ஸ் 1,500 டாலர் அளவில் இருந்த தங்கம் 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. மூன்று நிறுவனங்களுமே இந்த ஆண்டுகளில் பலமுறை விலை ஏற்றிவிட்டன. இதன் இன்னொரு பக்கம் யென். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 103 யென் அளவில் இருந்தது, 2024 ஜூலையில் 160ஐத் தாண்டிச் சரிந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஜப்பான் கடைவிலை மலிவாகத் தெரிந்தது; கடைப் பதிப்புகள் வந்த வேகத்தில் காலியானதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நேற்றைய பதிப்பு இன்று அதிக விலைக்குப் போனால் அரிதானதால்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். சாதாரணப் பேனாவும் அதே அளவு ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல சமயம் ஏறியிருக்கும்.

காரட் பற்றியும் ஒரு வார்த்தை, நகைக்கடைக் கணக்கிலேயே நமக்கு யோசித்துப் பழக்கம் என்பதால். 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் ஜப்பானிய நிறுவனங்கள் 18, 21, 22, 23 என்று போட்டிபோட்டு நிப்பின் காரட்டை ஏற்றிக்கொண்டே போயின. இன்றும் செய்லர் தன் பெரிய பேனாக்களில் 21 காரட்டைத்தான் பெருமையாகப் போடுகிறது. பைலட்டும் பிளாட்டினமும் பெரும்பாலும் 14இலேயே நிற்கின்றன. காரட் கூடினால் எழுத்து நன்றாக வரும் என்பது இல்லை. காகிதத்தைத் தொடுவது தங்கமே அல்ல, நுனியில் ஒட்டிய இரிடியம் போன்ற கடின உலோகம். வளைந்துகொடுத்து நிமிரும் குணம் 14 காரட்டுக்குத்தான் பொதுவாக நன்றாக வாய்க்கிறது, 21 மென்மையானது, அழுத்தி எழுதினால் வளைந்தே போகலாம்.

இரண்டாம் கையில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பைலட் நிப்பின் கீழ்ப்பகுதியில் செய்த மாதமும் ஆண்டும் சிறு எண்களாகப் பொறித்திருக்கும். பதிப்பு வந்த வருஷத்தோடு அது பல ஆண்டு தள்ளி இருந்தால் நிப்பு மாற்றப்பட்டிருக்கலாம். பேனாவில் பழைய சொந்தக்காரரின் பெயர் பொறித்திருந்தால் விலை நன்றாகக் குறையும். ஜப்பானில் பரிசாகக் கொடுக்கும்போது பெயர் பொறிப்பது வழக்கம், ஆகவே இப்படிப்பட்ட பேனாக்கள் நிறையக் கிடைக்கும். எழுதுவதற்காக வாங்குகிறவருக்கு அது அதிர்ஷ்டம்தான். உருஷிப் பேனாவைக் கடை ஜன்னலில் வெயிலில் வைத்திருந்தால் பளபளப்பு போயிருக்கும், படத்தில் தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டி, சான்றுச்சீட்டு, வெளி அட்டை மூன்றும் இருந்தால்தான் எண்ணிட்ட பதிப்புக்கு முழு விலை. கைவேலைப் பேனாவுக்குப் பெட்டி இல்லாவிட்டால் பரவாயில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அங்கே பேரம் பேச இடம் இருக்கிறது. மை தொடாத பேனாவுக்கே எப்போதும் அதிக விலை. எழுதிப் பார்க்காமல் நிப்பு நன்றாக இருக்கிறதா என்று தெரியாது, எழுதிப் பார்த்தால் விலை இறங்கும். முதலீடாக நினைத்து வாங்குகிறவர்கள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் பேனாவின் விலையோடு அஞ்சல் செலவையும் சேர்த்த மொத்தத்தின்மேல்தான் சுங்க வரி வரும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. அப்புறம் அந்தந்த நிறுவனத்தின் கன்வெர்ட்டர் (கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாகப் பொருத்தி, புட்டி மையை உறிஞ்சி நிரப்பும் சிறு குழாய்) பேனாவோடு வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். வராவிட்டால் அதையும் அதே பார்சலில் போடச் சொல்லுங்கள், தனியாக இன்னொரு முறை வரவழைத்தால் கன்வெர்ட்டரைவிடத் தபால்செலவு அதிகமாகிவிடும்.